ஏற ஒரு மணித்தியாலம், இடம்பிடிக்க மாதங்கள்

வாசகர் கேள்வி – பதில்

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இணையச் சேவை இலங்கையில் தொடங்கிய பிறகு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து செய்மதி பற்றிய கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. மாதக் கட்டணம் என்ன, எங்கே வாங்கலாம் என்ற கேள்விகளை விட்டுவிட்டோம். அவற்றுக்கு விற்பவர்களே பதில் சொல்லலாம். செய்மதி மேலே எப்படிப் போகிறது, தன் இடத்தில் எப்படி நிற்கிறது என்று கேட்டவர்களுக்கே இந்தப் பக்கம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பொழுதுபட்ட பிறகு கடற்கரையில் நின்றபோது இருபது, முப்பது வெளிச்சங்கள் ஒரே கோட்டில் சத்தமில்லாமல் நகர்ந்தன. விமானங்களா? இரண்டு கிழமை கழித்துத் தேடினால் ஒன்றையும் காணவில்லையே?
– பாசிக்குடா வாசகர்

விமானங்கள் அல்ல. ஓரிரு நாட்களுக்கு முன் ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செய்மதிகள். ஒரே ரொக்கெட்டில் போய் ஒரே இடத்தில் இறக்கப்பட்டதால் இன்னும் விலகாமல் ஒன்றின் பின் ஒன்றாகப் போகின்றன. அந்நேரம் அவை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்தில்தான் இருக்கும். நமக்குச் சூரியன் மறைந்துவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும். நம் அகலாங்கில் சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடம் வரை தலைக்கு நேர்மேலே அந்த வெயில் இருக்கும். விடிவதற்கு முன்னும் அப்படியே. நடுச்சாமத்தில் அவை பூமியின் நிழலுக்குள் போய்விடுவதால் எவ்வளவு தேடினாலும் தெரியாது.

பிறகு காணாமல் போவதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, உயர்ந்துகொண்டே ஒன்றிலிருந்து ஒன்று விலகுகின்றன; கடைசியில் ஒரே தடத்தில் உள்ள இரண்டுக்கு இடையே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வந்துவிடும். இரண்டாவது, தம் இடத்துக்குப் போனதும் சோலர் தகட்டைத் திருப்பி, வெளிச்சம் தரைப்பக்கம் தெறிக்காதபடி வைத்துக்கொள்கின்றன. ஏறும் காலத்தில் காற்றின் உரசலைக் குறைக்கத் தகட்டை உடலோடு சமமாக விரித்துக் கிடப்பதால்தான் அவ்வளவு பளிச்சென்று தெரிகின்றன. வானியல் ஆய்வாளர்களின் முறைப்பாட்டுக்குப் பிறகு மேற்பரப்பில் சில மாற்றங்கள் செய்தார்கள். ஆனாலும் முதல் சில நாட்களின் வெளிச்சத்தை முழுதாக அடக்க முடியவில்லை.

ரொக்கெட் நேரே மேலே போகாமல் ஏன் சாய்ந்து போகிறது? 550 கி.மீ. உயரத்தில் கொண்டுபோய் விட்டால் செய்மதி அங்கேயே மிதக்காதா?
– கல்முனை, உயர்தரப் பௌதிகவியல் மாணவர்

மிதக்காது, விழும். 550 கி.மீ. உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 85 வீதம் இருக்கிறது. அங்கே நிற்க வைப்பது உயரம் அல்ல, பக்கவாட்டு வேகம். செக்கனுக்கு 7.6 கி.மீ. வேகத்தில் ஓடினால், கீழே விழும் அளவும் பூமி வளையும் அளவும் சமமாகிவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோகிராமை 550 கி.மீ. தூக்க ஏறத்தாழ 5 மெகாயூல் போதும். அதே கிலோகிராமுக்கு 7.6 கி.மீ. வேகம் கொடுக்க 29 மெகாயூல் வேண்டும். எரிபொருளில் பெரும் பங்கு பக்கவாட்டுக்கே போகிறது. முதல் சில செக்கன்கள் செங்குத்தாக ஏறுவது, அடர்த்தியான காற்றை விட்டுச் சீக்கிரம் வெளியேறத்தான். பிறகு மெல்லச் சாய்ந்து, கடைசியில் கிட்டத்தட்ட கிடையாகவே ஓடும்.

இன்னொரு மாணவி, பழைய செய்மதிகளைப்போல 35,786 கி.மீ. உயரத்தில், பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றி நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிய வைத்தால் இவ்வளவு செய்மதி தேவையில்லையே என்று கேட்கிறார். உண்மைதான், மூன்று போதும். ஆனால் கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய் இறங்க ஒளிக்கே ஏறத்தாழ அரைச் செக்கன் பிடிக்கும். 550 கி.மீ. என்றால் அதே பயணம் 7 மில்லிசெக்கன். தரையில் உள்ள நிலையங்களின் தாமதத்தையும் சேர்த்தாலும் சில பத்து மில்லிசெக்கன்களில் வேலை முடிந்துவிடும். காணொளி அழைப்பில் ஒருவர் பேச்சில் மற்றவர் ஏறிக் குழம்புவது அந்த அரைச் செக்கனால்தான்.

ஏவுவதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்ல முடியுமா?
– வாழைச்சேனை, செங்கலடி வாசகர்கள்

அதிகம் பறப்பது ஸ்டார்லிங்கை ஏற்றும் ஃபால்கன் 9 ரொக்கெட் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். உயரம் 70 மீற்றர். ஏவும்போது 549 தொன்; அதில் ஏறக்குறைய 500 தொன் எரிபொருளும் ஒட்சிசனும்தான். சுத்திகரித்த மண்ணெண்ணெய், திரவ ஒட்சிசன் என்று இரண்டே திரவங்கள். செய்மதிகளின் மொத்த நிறை 16, 17 தொன். அதாவது நூற்றில் மூன்று பங்கு.

புறப்பட 35 நிமிடம் இருக்கும்போதுதான் நிரப்பத் தொடங்குகிறார்கள். இவ்வளவு பிந்தி ஏன் என்றால், ஒட்சிசனை அதன் கொதிநிலையான −183 பாகையையும் தாண்டி −207 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கிறார்கள். குளிரக் குளிரச் சுருங்கும். அதே தாங்கியில் கூடுதலாக அடங்கும். சும்மா நின்றால் சூடேறி விரிந்து அந்த இலாபம் போய்விடும். ஆகவே நிரப்பியதும் பறந்தாக வேண்டும். நிரப்பிய பிறகு ஏதாவது சிறு கோளாறென்றாலும் அரை மணித்தியாலம் காத்திருந்து மறுபடி முயல முடியாமல், அன்றைய ஏவலையே கைவிடுவது இதனால்தான்.

7 நிமிடம் இருக்கும்போது கொஞ்சம் ஒட்சிசனை இயந்திரத்துக்குள் ஓடவிட்டுக் குளிர்விப்பார்கள். சூடான பம்பிக்குள் அவ்வளவு குளிர்ந்த திரவம் திடீரென்று பாய்ந்தால் உலோகம் தாங்காது. கடைசி நிமிடத்தில் கட்டுப்பாடு முழுவதும் ரொக்கெட்டின் கணினிக்குப் போகிறது. 3 செக்கனுக்கு முன் ஒன்பது இயந்திரங்களும் பற்றும், ஆனால் பிடிகள் விடா. ஒன்பதின் அழுத்தமும் சரியென்று கணினி கண்டால் மட்டுமே பிடி கழலும். இல்லாவிட்டால் தரையிலேயே அணைத்துவிடும். ஒன்பதும் சேர்ந்து தரும் உந்துவிசை ஏறத்தாழ 7,600 கிலோநியூற்றன். ரொக்கெட்டின் எடை 5,400 கிலோநியூற்றன் அளவு. மிச்சம் எவ்வளவு குறைவென்று பாருங்கள். தொடக்கத்தில் மெதுவாக எழும்புவது அதனால்தான்.

ஒரு நிமிடம் பத்துச் செக்கன் அளவில் காற்றின் அழுத்தம் உச்சத்துக்கு வரும். மேல்காற்று ஒரு படையில் ஒரு திசையிலும் அடுத்த படையில் வேறு திசையிலும் பலமாக அடித்தால் இந்த இடத்தில் உடல் வளைந்துவிடக்கூடும். தரையில் ஓர் இலை அசையாத நாளில்கூட "காற்றுக் காரணமாக ஒத்திவைப்பு" என்று அறிவிப்பது இந்த மேல்காற்றை அளந்துதான். இரண்டரை நிமிடத்தில், ஒன்பது இயந்திரங்களும் உள்ள கீழ்ப்பகுதியான முதற்கட்டம் அணைந்து கழலும். இரண்டாம் கட்டத்தின் ஒற்றை இயந்திரம் பற்றும். மூன்றாவது நிமிடம் அளவில், காற்று இல்லாத உயரத்துக்கு வந்துவிட்டதால், செய்மதிகளை மூடியிருந்த கூம்பு இரண்டாகப் பிளந்து விழும். அந்த இரு பாதிகளும் பரசூட்டில் கடலில் இறங்க, கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

கழன்ற முதற்கட்டம் எட்டரை நிமிடம் அளவில் கடலில் நிற்கும் ஆளில்லாத் தளக் கப்பலில் செங்குத்தாக இறங்குகிறது. ஒரே முதற்கட்டத்தை 30 தடவைக்கு மேல் பறக்கவிட்டிருக்கிறார்கள். ஏவற்செலவு குறைந்ததற்கும், ஆயிரக்கணக்கில் செய்மதி என்ற எண்ணம் நடைமுறைக்கு வந்ததற்கும் இதுதான் முதற்காரணம் என்பது எங்கள் கருத்து. செய்மதித் தொழில்நுட்பம் அதற்குப் பிறகுதான்.

ஏறத்தாழ 9 நிமிடத்தில் இரண்டாம் கட்டம் பூமியைச் சுற்றத் தொடங்கிவிடும். பிறகு இயந்திரம் அணைந்து முக்கால் மணித்தியாலம் போலச் சும்மா ஓட்டம். பூமியின் மறுபக்கத்தில் ஓரிரு செக்கன் மட்டும் மறுபடி எரித்து நீள்வட்டத்தைச் சரிசெய்கிறார்கள். ஒரு மணித்தியாலம் அளவில் செய்மதிகளை விடுவிக்கிறார்கள். நேரடி ஒளிபரப்பும் கைதட்டலும் இத்தோடு முடிந்துவிடும். செய்மதிக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது.

ஒரு ரொக்கெட்டில் 60 செய்மதி என்று வாசித்தேன். எப்படி அடுக்குகிறார்கள்? வெளியே விடும்போது முட்டிக்கொள்ளாதா?
– ஏறாவூர் வாசகி

2019 மே மாதம் போன முதல் தொகுதியில் 60 இருந்தன. அடுத்து வந்த வகை ஒவ்வொன்றும் 260 கிலோகிராம் அளவு. தட்டையான மேசைப்பலகை வடிவம். ஒன்றின் மேல் ஒன்றாக நேரடியாக அடுக்கி, பக்கத்தில் நீண்ட இழுவிசைக் கம்பிகளால் இறுக்கிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தாங்கி, தனி வில் என்று எதுவும் இல்லை. விடும் நேரத்தில் இரண்டாம் கட்டம் முன்பின்னாக மெதுவாகக் குத்துக்கரணம் போடத் தொடங்கும். கம்பிகளைக் கழற்றியதும் அடுக்கில் மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் வேகத்தில் சிறு வித்தியாசம் இருப்பதால் அடுக்கு தானே பிரிகிறது. முட்டாதா என்றால், மெல்ல உரசலாம். அதைத் தாங்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள். கழன்ற கம்பிகளும் குப்பையாகச் சுற்றி, தாழ்ந்த உயரம் என்பதால் சீக்கிரம் எரிந்துபோகும். 2023 பெப்ரவரியிலிருந்து பறக்கும் பெரிய வகை ஏறத்தாழ 800 கிலோகிராம். அதனால் முதல் தடவை 21 மட்டுமே ஏறின. பிறகு நிறையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

நமக்கு அயலில், ஸ்ரீஹரிகோட்டாவில், வேறு முறை. 2022 ஒக்டோபர் 23 அன்றும் 2023 மார்ச் 26 அன்றும் இந்தியாவின் எல்.வி.எம்.3 ரொக்கெட் தலா 36 வன்வெப் (இன்னொரு இணையச் சேவை) செய்மதிகளை ஏற்றிப்போனது. அவை ஒவ்வொன்றும் 150 கிலோகிராம் அளவு. நான்கு நான்காக, ஒன்பது தடவைகளில், ஒவ்வொரு தடவைக்கும் இடையில் மேற்கட்டத்தைத் திருப்பி நிறுத்தி, போதிய இடைவெளி விட்டுப் பிரித்தார்கள். நேரம் கூடுதலாக எடுத்தாலும் உரசலுக்கு இடமில்லை. எந்த முறை நல்லது? எண்ணிக்கை வேண்டுமென்றால் முதலாவது. செய்மதி நொய்மையானது என்றால் இரண்டாவது.

விடுவிக்கும் இடமே அதன் இடமா? இல்லையென்றால் ஏன் நேரே அங்கேயே கொண்டுபோய் விடுவதில்லை?
– சம்மாந்துறை, களுவாஞ்சிக்குடி வாசகர்கள்

இந்த மாதம் வந்ததில் நல்ல கேள்வி இது.

முதலில், ஏன் தாழ்வாக விடுகிறார்கள்? ஒன்று, ரொக்கெட்டுக்குச் சுமை குறையும், கூடுதல் செய்மதி ஏற்றலாம். இரண்டு, விட்டவுடன் சோதிப்பார்கள். செத்த செய்மதி ஏதும் இருந்தால் அந்த உயரத்தில் மெல்லிய காற்றே அதைச் சில கிழமைகளில் இழுத்து எரித்துவிடும். 550 கி.மீ. உயரத்தில் செத்தால் ஆண்டுக்கணக்கில் சுற்றும். வன்வெப் நிற்கும் 1,200 கி.மீ. உயரத்தில் செத்தால் நூற்றாண்டுக்கணக்கு.

நல்ல நிலையில் உள்ளவை தம் மின்னுந்தியை இயக்கிக்கொண்டு ஏறும். சோலர் தகட்டின் மின்சாரத்தால் வாயுவை அயனாக்கி, மின்புலத்தால் முடுக்கி வெளியே எறிவதுதான் அதன் வேலை. முதலில் கிரிப்டன் வாயு பாவித்தார்கள். 2023 முதல் விலை குறைந்த ஆகன். ஆகன் உந்தியின் விசை 170 மில்லிநியூற்றன். 17 கிராம் பொருளொன்று உள்ளங்கையை அழுத்தும் அளவு. இதை வைத்து 800 கிலோகிராமைத் தூக்குவதா என்று சிரிக்கலாம். ஆனால் நிற்காமல் தள்ளுகிறது. 350 கி.மீ. உயரத்திலிருந்து 550 கி.மீ. போகத் தேவையான வேக மாற்றம் செக்கனுக்கு ஏறத்தாழ 110 மீற்றர். இடைவிடாமல் இயக்கினால் ஆறு நாளில் கிடைத்துவிடும். செலவாகும் வாயு 4 கிலோகிராமுக்கும் குறைவு. அதே வேலையைச் சாதாரண எரிபொருள் உந்தி செய்தால் 30 கிலோகிராம் வேண்டும்.

ஆறு நாளில் ஏறிவிடலாம் என்றால் மாதக்கணக்கு எங்கிருந்து வருகிறது? தடத்தை மாற்றுவதிலிருந்து. ஸ்டார்லிங்கின் முதல் 550 கி.மீ. அமைப்பில் 72 தடங்கள், ஒவ்வொன்றிலும் 22 செய்மதி என்று திட்டமிட்டார்கள். எல்லாத் தடங்களும் நடுக்கோட்டுக்கு 53 பாகை சாய்வு. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று 5 பாகை தள்ளிச் சுற்றி நிற்கும். ஒரு ரொக்கெட் ஒரே தடத்தில்தான் விடும். பக்கத்துத் தடத்துக்கு உந்தியால் திருப்ப முயன்றால், 5 பாகைக்கே செக்கனுக்கு 500 மீற்றருக்கு மேல் வேண்டும். கையில் உள்ள வாயுவைக் கண்டபடி கரைக்க முடியாது.

ஆகவே பூமியையே வேலைக்கு வைக்கிறார்கள். பூமி சரியான உருண்டை அல்ல. நடுக்கோட்டில் ஆரை 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. அந்த 21 கி.மீ. புடைப்பின் இழுவையால் சாய்ந்த தடம் நாள்தோறும் மேற்கே நகர்கிறது. 550 கி.மீ. உயரத்தில், 53 பாகைச் சாய்வில், நாளைக்கு 4.5 பாகை, 350 கி.மீ. உயரத்தில் 5 பாகைக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் நாளைக்கு அரைப் பாகை. ஒரு தொகுதியை மூன்றாகப் பிரித்து, முதற்பிரிவை உடனே ஏற்றிவிடுவார்கள். மற்ற இரண்டும் 350 கி.மீ. உயரத்தில் காத்திருக்கும். பத்து நாள் காத்திருந்தால் 5 பாகை, நாற்பது நாள் என்றால் 20 பாகை. வேண்டிய தடத்துக்கு நேரே வந்ததும் ஏறிக்கொள்வார்கள். உந்தி எதுவும் செலவழிக்காமல், காத்திருப்பதாலேயே தடம் மாறுகிறது.

தடத்துக்கு வந்தபின் இடம் பிடிக்க வேண்டும். 22 செய்மதிக்கு நடுவே ஏறத்தாழ 1,980 கி.மீ. இடைவெளி. இங்கே புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள்: முன்னே போகவேண்டிய செய்மதி கீழே இறங்க வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டியில் உள்தடத்தின் சுற்றளவு குறைவென்பதால்தான் வெளித்தடத்தவரை முன்னே நிறுத்தித் தொடங்குகிறோம். இங்கே உள்தடத்தில் வேகமும் கூட. 10 கி.மீ. கீழே நின்றால் ஒரு சுற்றுக்கு 12 செக்கன் முந்தலாம். நாளைக்குப் பதினைந்து சுற்றில் 1,400 கி.மீ. முந்திவிடும். போதுமென்றதும் மேலே ஏறி நின்றுகொள்ளும். நின்ற பிறகும் ஓய்வில்லை. காற்றின் உரசலுக்கு ஈடுகட்டவும், எதிரே வரும் பொருளிலிருந்து விலகவும் அவ்வப்போது உந்தியை இயக்கிக்கொண்டே இருக்கும்.

ஏவல் தோற்றால் பெரும்பாலும் வெடிப்பதாலா?
– அக்கரைப்பற்று வாசகர்

படத்தில் வருவது வெடிப்பு. தாழ்வாக விடும் இணையச் செய்மதிகளுக்கு வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு. இரண்டுக்கும் நல்ல உதாரணம் இருக்கிறது.

2022 பெப்ரவரி 3 அன்று ஃபுளோரிடாவிலிருந்து 49 செய்மதிகள் போயின. ஏவலில் ஒரு குறையும் இல்லை. தடத்தின் மிகத் தாழ்ந்த இடம் 210 கி.மீ. மறுநாள் சூரியனிலிருந்து வந்த காந்தப்புயல் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கியது. சூடேறிய காற்று விரிந்து மேலெழுந்து, அந்த உயரத்தில் உரசல் முன்னைய ஏவல்களை விட 50 வீதம் வரை கூடிவிட்டது. செய்மதிகளை விளிம்பு காட்டிப் பறக்கச் சொன்னார்கள். அப்படிப் பறந்தால் தகட்டில் வெயில் சரியாகப் படாது. ஏற முயன்றால் உரசல் தள்ளும். 40 வரை எரிந்துபோயின. அது பெரிய புயல்கூட அல்ல, நடுத்தரம். அதற்குப் பிறகு விடும் உயரத்தைக் கூட்டினார்கள்.

2024 ஜூலை 11 அன்று கலிபோர்னியாவிலிருந்து போன 20 செய்மதிகளின் கதை வேறு. இரண்டாம் கட்டத்தில் அழுத்த உணரிக்குப் போகும் ஒரு சிறு குழாய், பிடி தளர்ந்திருந்ததாலும் இயந்திர அதிர்வாலும் களைத்து விரிசல் கண்டது. ஒட்சிசன் கசிந்தது. அந்தக் கசிவின் குளிர், மறுபடி பற்றவைக்கும் அமைப்பையும் கெடுத்தது. முன்னே சொன்ன அந்த ஓரிரு செக்கன் எரிப்பு நடக்கவில்லை. செய்மதிகள் விடுபட்ட தடத்தின் தாழ்ந்த இடம் வெறும் 135 கி.மீ. ஒவ்வொரு தடவை அவ்விடத்தைக் கடக்கும்போதும் தடத்தின் மேல்முனை 5 கி.மீ. இறங்கியது. மின்னுந்தியை முழுப்பலத்தில் இயக்கிப் பார்த்தார்கள். 17 கிராம் தள்ளுதல் அதற்குக் காணாது. இருபதும் போயின. விசாரணையில் அந்த உணரியே பறப்பின் பாதுகாப்புக்கு அவசியமில்லை என்று தெரிந்து, குழாயோடு கழற்றிவிட்டு, ஜூலை 27 அன்று மறுபடி பறந்தார்கள். தேவையற்ற ஒரு பாகம் தேவையான பாகத்தைக் கெடுத்தது.

மட்டக்களப்பு நடுக்கோட்டுக்கு அருகில், கிழக்கே திறந்த கடல். இங்கிருந்து ஏவினால் எரிபொருள் மிச்சமாகாதா?
– காத்தான்குடி, திருக்கோவில் வாசகர்கள்

பாதி சரி. நடுக்கோட்டில் பூமியின் சுழற்சி செக்கனுக்கு 465 மீற்றர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. நம் அகலாங்கு 7.7 பாகை, இங்கே 461. ஃபுளோரிடாவின் ஏவுதளத்தில் 409. ஒரே இடத்தில் நிற்கும் உயர்ந்த செய்மதியை நேர்கிழக்கே ஏவினால் அந்த வித்தியாசம் பயன்படும். அந்தத் தடம் நடுக்கோட்டின் மேலேயே இருக்க வேண்டும் என்பதால் தடத்தைத் திருப்பும் செலவும் குறையும்.

ஆனால் 53 பாகைத் தடத்துக்கு ஏவினால் ஓர் இலாபமும் இல்லை. அந்தச் சாய்வுக்குப் போக இங்கிருந்து கூடுதலாக வடக்கே அல்லது தெற்கே சரிக்க வேண்டும்; சரித்த அளவுக்குச் சுழற்சியின் உதவி குறையும். இரண்டு கணக்கையும் போட்டால், மட்டக்களப்பிலிருந்தும் ஃபுளோரிடாவிலிருந்தும் கிடைப்பது ஒரே 280 மீற்றர். வன்வெப் போலத் துருவத்தை ஒட்டிப் போகும் தடத்துக்கோ சுழற்சியால் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது.

இதில் இலங்கைக்கு வேறொரு பங்கு உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேர்தெற்கே நம் தீவு கிடக்கிறது. குடியிருக்கும் நிலத்தின் மேலே ஏறும் ரொக்கெட் பறக்கக்கூடாது என்பதால், துருவத் தடத்துக்குப் போகும் இந்திய ரொக்கெட்டுகள் முதலில் தென்கிழக்காகக் கடலுக்குள் போய், தீவைச் சுற்றி, பிறகு தெற்கே திரும்புகின்றன. அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. சிறிய ரொக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. 2024 பெப்ரவரி 28 அன்று தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இதுவே முக்கிய காரணம்: அங்கிருந்து தெற்கே பார்த்தால் வழியில் இலங்கை இல்லை.

இதையொட்டி, வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகும் ஒருவர், கழன்ற கட்டங்கள் படகில் விழாதா என்று கேட்கிறார். விழும் இடங்களை முன்கூட்டியே கணித்து, ஆள்கூறுகளோடும் நேரத்தோடும் கடற்பயண எச்சரிக்கை வெளியிடுவார்கள். நம் கடற்பகுதிக்கு அதை ஒருங்கிணைப்பது இந்தியா. வங்கக் கடலுக்குள் ஆழமாகப் போகிறவர்கள் புறப்பட முன் அதைக் கேட்டறிந்து, குறித்த கடற்பகுதிக்குள் அந்த நேரம் வலை விரிக்காமல் இருந்தால் போதும். மிதந்து வரும் வெள்ளைத் தாங்கித் துண்டைக் கயிறு கட்டி இழுத்துவரும் ஆசை வேண்டாம்.

இலங்கையின் முதல் செய்மதியும் இப்படித்தான் போனதா?
– மண்டூர் மாணவி

இல்லை. ராவணா-1 ஒரு கிலோகிராம் சொச்சம் நிறையுள்ள சிறு கனசதுரம், இணையத்துக்கானதும் அல்ல. 2019 ஏப்ரலில் சரக்குக் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 அன்று அங்குள்ள ஜப்பானியப் பகுதியான கிபோவிலிருந்து வில்லால் வெளியே தள்ளிவிடப்பட்டது. இணையச் செய்மதிகளைப்போல் உயர்ந்துபோய் இடம்பிடிக்கும் வேலை அதற்கு இருக்கவில்லை. நிலையத்தின் உயரமான 400 கி.மீ. அளவிலேயே சுற்றத் தொடங்கியது.

வீட்டைச் சுற்றித் தென்னை. செய்மதி ஆயிரக்கணக்கில் இருக்கும்போது ஒன்றிரண்டு மரம் மறைத்தால் என்ன?
– ஆரையம்பதி வாசகர்

நம் பக்கத்தில் அது முக்கியம். 53 பாகைச் சாய்வில் சுற்றும் செய்மதி, தன் வடக்கு, தெற்கு எல்லைகளில் திரும்பும்போதுதான் அதிக நேரம் கழிக்கும். அதனால் ஐரோப்பாவின் 50 பாகை அகலாங்கின் மேலே எந்நேரமும் உள்ள செய்மதி அடர்த்தி, நம் தலைக்கு மேலே உள்ளதைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அங்கே ஒன்று மறைந்தால் அடுத்தது இருக்கும்; இங்கே அடுத்தது வரும்வரை இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஒவ்வொரு செய்மதியும் சில நிமிடங்களே நம் பார்வையில் நிற்பதால், மரம் ஒரு மூலையில் மட்டும் இருந்தாலும் அந்த மூலைக்கு அடிக்கடி ஒன்று போய்க்கொண்டே இருக்கும்.

அன்டெனாவைப் பொருத்த முன் ஸ்டார்லிங்க் செயலியிலுள்ள தடைப் பரிசோதனையைத் தொலைபேசிக் கமராவால் செய்து பாருங்கள். தென்னோலை காற்றில் அசையும் தூரத்தையும் கணக்கில் எடுங்கள். வாடைக்காற்று மழையில் வேகம் குறைவது வேறு விஷயம்: 11, 12 கிகாஹேட்ஸ் அலைகளைக் கனமழை உறிஞ்சும், மழை விட்டால் தானே சரியாகும். கரையோர வீடுகளில் உப்புக்காற்று கேபிள் முனையை அரிக்கும். அந்த இணைப்பை மழையும் காற்றும் படாத இடத்தில் வையுங்கள்.

வானத்திலிருந்து ஒரு துண்டு வயலில் விழுந்தால் என்ன செய்வது?
– பொத்துவில் வாசகர்

வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூச்சியம் அல்ல. 2015 நவம்பர் 13 அன்று நண்பகலுக்குச் சற்று முன் ஒரு விண்வெளிக் குப்பைத் துண்டு நம் தென்கரைக்கு அப்பால் கடலின் மேலே எரிந்து விழுந்தது. முன்கூட்டியே கணித்து விமானத்திலிருந்து பார்த்தார்கள். இணையச் செய்மதிகள் முழுதாக எரியும்படி வடிவமைக்கப்பட்டவை என்று தயாரிப்பவர்கள் சொல்கிறார்கள். கவலை ரொக்கெட்டின் இரண்டாம் கட்டத்தைப் பற்றியதே. வழமையாக அதை ஆளில்லாக் கடலில் விழும்படி இறக்கிவிடுவார்கள். 2025 பெப்ரவரியில் ஒன்று கசிவால் அப்படி இறங்க முடியாமல் சுற்றி, 19ஆம் திகதி போலந்தின் மேலே எரிந்து, உயரழுத்தத் தாங்கிகள் தரையில் கிடந்தன. கார்பன் இழை சுற்றிய பெரிய போத்தல் மாதிரியான அத்தாங்கிதான் அதிகம் தப்பி விழும் பாகம்.

அப்படி ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், உருட்டாதீர்கள், இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிழிந்த இழைத்தூள் தோலையும் மூச்சையும் பாதிக்கும். வேறு வகை ரொக்கெட்டாக இருந்தால் ஐதரசீன் என்ற நச்சு எரிபொருளும் மிச்சமிருக்கலாம். காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று, மாடுகளையும் பிள்ளைகளையும் விலக்கி, தூரத்திலிருந்து படம் எடுத்து, 119க்கு அழையுங்கள். சர்வதேச ஒப்பந்தப்படி அந்தத் துண்டு ஏவிய நாட்டின் பொறுப்பு. பயிருக்கோ வீட்டுக்கோ சேதமென்றால் இழப்பீட்டை நம் அரசு அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். படத்தையும் இடத்தையும் நேரத்தையும் பதிந்து வைப்பது அதற்கு உதவும்.